ஆறு வெளிச்சப் பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கிக்கொண்டிருந்தேன். வாராவாரம் உங்களிடம் அடுப்படி முதல் ஆஸ்பத்திரி வரை எதையெதையோ பேசுகிறேன். இதை மட்டும் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. சாமி விஷயம். அதோடு என் வீட்டுக்காரர் விஷயம். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று கேட்காதீர்கள்.

போன கிருத்திகைக்கு விராலிமலை போயிருந்தேன். படியேறி, மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா செல்போனை நீட்டினார்.

“இதப் பாருங்க. அறந்தாங்கிப் பக்கம் ஒரு வீட்டுல, மூடிக் கெடந்த கேமராவுக்குள்ள ஆறுமுகமும் ஜோதியா வந்திருக்காருங்க. யாரும் அதத் தொறக்கவே இல்லையாம். நாலு பேருக்கு அனுப்புனா நல்லது நடக்குமாம். ஒங்க நம்பரு சொல்லுங்க.”

பார்த்தேன். எங்கள் வீட்டுப் படம்.

நம்பரைச் சொல்லாமல் எழுந்துவிட்டேன். சன்னதியில் நின்றபோதும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. யாரும் திறக்கவே இல்லையா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் கொழுந்தனார் செல்வம் குவைத்தில் வேலை பார்த்தார். மகள் கயல் பிறந்ததும் லீவில் வந்தார். திரும்பிப் போனவர், அங்கேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் உடம்போடு வந்த சாமான்களில் ஒரு ஃபிலிம் கேமரா இருந்தது. அவர் மனைவி, என் ஓரகத்தி, அதைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். யாரும் தொடக்கூடாது. ஆயுத பூஜைக்கு மட்டும் டிராக்டர், தையல் மெஷினோடு அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு.

ஒரு ஆயுத பூஜையன்று என் வீட்டுக்காரர், “வெளிய மட்டும் பூசுனா போதுமா? தம்பி கைபட்ட பொருளு” என்று திருநீறு இட அதன் பின்மூடியைத் திறந்தார். உள்ளே ஃபிலிம் சுற்றியிருந்தது. பதறிப்போய் மூடிவிட்டார். அதற்குள் ஜன்னல் வெயில் உள்ளே போய் வந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் சூடத்தட்டோடு நின்றேன்.

கயல் வளர்ந்தாள். புதுக்கோட்டையில் காலேஜ் சேர்ந்து கெமிஸ்ட்ரி படித்தாள். அப்பாவும் அவளும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. “எங்கப்பா என்னையத் தூக்குனாராம்மா? என்னைய அவருக்குப் பிடிச்சிருந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நாங்களும் ஆமாம், ஆமாம் என்போம். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதாலோ என்னவோ... அவள் நம்பவில்லை.

ஒருநாள் கூரியரில் ஃபிலிம் கழுவும் மருந்துப் பாட்டில்கள் வந்து இறங்கின. அம்மாவிடம் என்ன சொல்லிக் கெஞ்சினாளோ, கேமராவும் அவள் கைக்கு வந்துவிட்டது.

“கலர் ஃபிலிமுதான் பெரியம்மா. ரொம்பப் பழசு. கருப்பு வெள்ளை மருந்துலதான் கழுவப்போறேன். கலரு வராது. உருவம் வந்தாப் போதும்.”

பங்குனி வெயில். குழாயைத் திறந்தால் வெந்நீர். மருந்து சூடானால் படம் கெட்டுவிடுமாம். நான் அண்டாவில் ஐஸ் கட்டி போட்டேன். சாமான் அறையில் கதவிடுக்கெல்லாம் பழைய சேலையை அடைத்து, இருட்டுக்குள் தடவித்தடவி ஃபிலிமை வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் சுற்றினாள். வெளியே வந்து மருந்தை ஊற்றிக் குலுக்கினாள். “உள்ள என்னடி நடக்குது?” என்றேன்.

“ஃபிலிம் மேல வெள்ளி உப்பு பூசியிருக்கும். வெளிச்சம் பட்ட எடத்துல துளியூண்டு வெள்ளி உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது. இந்த மருந்து அதை வளத்துவிடும். அடுத்த மருந்து வெளிச்சம் படாத உப்பக் கரைச்சிரும்.”

“அப்ப இத்தன வருசமா அவரு உருவம் அதுக்குள்ள...”

“தெரியாம இருந்துச்சு. அவ்வளவுதான். பேசாம ஐஸப் போடுங்க.”

கழுவி எடுத்தாள். வெளிச்சுற்றில் இருந்த படமெல்லாம் ஒரே கருப்பு. உள்சுற்றில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. செல்போனில் எடுத்து, கருப்பை வெள்ளையாக மாற்றிக் காட்டினாள். செல்வம்! கையில் குழந்தை. மேல் ஓரமாக, வரிசை பிடித்த மாதிரி ஆறு வெளிச்சப் பொட்டு. அதில் ஒன்று... சரியாக அவர் முகத்தில்.

என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆறு! எண்ணிப் பாருங்க, ஆறு!” ஃபிலிம் காய்வதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் படம் போய்விட்டது.

கயல் ஃபிலிமின் ஓரத்தைக் காட்டினாள். “பெரியப்பா, இதுல வரிசையா ஓட்டை இருக்குல்ல? மேல்சுத்து ஓட்டை வழியா வெயிலு கீழ்சுத்துல விழுந்திருக்கு. சல்லடைக்குக் கீழ விழுகுற மாதிரி.”

“அப்ப சாமி இல்லேங்கிறியா?”

“சாமி இல்லைன்னு சொல்லல. நீங்க தொறந்தீங்கன்னு சொல்றேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அந்த வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை எடுக்கப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னதும் குறுக்கே வந்து நின்றார். “சாமிய அழிச்சுப்புட்டு மூஞ்சியப் பாக்கணுமா?”

அதுவரை வாசற்படியில் நின்றிருந்த என் ஓரகத்திதான் பேசினாள். “அது அவ அப்பா மூஞ்சி மாமா. வழிய விடுங்க.”

அவர் விலகினார்.

கயல் எதையும் அழிக்கவில்லை. வெயில் அதிகம் பட்ட இடத்தில் வெள்ளி அதிகம் சேர்ந்து கருப்பாகிவிட்டதாம். சாதாரண வெளிச்சம் ஊடுருவாது. ஃபிலிமுக்குப் பின்னால் பெரிய டார்ச்சைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தது யார்? என் வீட்டுக்காரர்தான். “ஆட்டாதீங்க பெரியப்பா.”

செல்போனில் மணல் தூவினாற்போல் முகம் வந்தது. முதலில் நெற்றி. பிறகு மூக்கு, மீசை. பிறகு கண்.

செல்வம் கேமராவைப் பார்க்கவில்லை. குனிந்து, கையில் இருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயல் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

எனக்கு முருகன்மேல் நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை. வெள்ளிக்குப் பேதம் தெரியாது, அவ்வளவே. செல்வத்தின் மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சமும் எங்கள் ஜன்னல் வெயிலும் அதற்கு ஒன்றுதான். இரண்டையும் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தது. அதை அப்படிப் படைத்தவனைக் கும்பிட எனக்கு இது போதும்.

இதை நீங்கள் தாராளமாக நாலு பேருக்குச் சொல்லலாம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மூடியைத் திறந்தது என் வீட்டுக்காரர் என்பதைச் சொல்லுங்கள். படத்தில் செல்வம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.