அல்சர் மாத்திரையும் நான் மறைத்த வீக்கமும்

எண்பதுகளில் நான் விழுப்புரத்தில் ஆசிரியர். அல்சருக்கு டாக்டர் எழுதித் தந்த சிமெடிடின் மாத்திரையில் வலி அடங்கியது. அவர் சொன்ன நாள் கணக்கு முடிந்த பிறகும் அவரிடம் போகாமல், கடையில் காலி அட்டையைக் காட்டி வாங்கி விழுங்கிவந்தேன்.

நாளடைவில் மார்பு இருபுறமும் வீங்கி வலித்தது. தாம்பத்தியத்தில் நாட்டமும் குறைந்தது. வெட்கப்பட்டு, வீட்டில்கூடப் பனியனைக் கழற்றாமல் மறைத்தேன். குழந்தையில்லாத பழியை மனைவி சரோஜா மட்டும் சுமந்தாள். எத்தனையோ டாக்டர்களிடம் அவளைக் காட்டினேன். பௌர்ணமிதோறும் பட்டினி கிடந்து அவள் திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். என் அம்மா எனக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கியபோதும் நான் வாய் திறக்கவில்லை.

கடைசியில் திண்டிவனத்து டாக்டர் ஒருவர், "அவங்க இருக்கட்டும். நீங்க சட்டையக் கழட்டுங்க சார்" என்றார். பார்த்துவிட்டு, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"சிலருக்கு அது இப்படிப் பண்ணும். விந்தணுவும் கொறையலாம். வேற மருந்து தர்றேன், பெரும்பாலும் சரியாயிடும்."

திரும்பும் பஸ்ஸில் சரோஜா சொன்னாள்: "வாத்தியாருக்குச் சட்டையக் கழட்ட வெக்கம். என்னைய மட்டும் ஊர் ஊரா காட்டிக்கினு வந்தீங்களே!"

வீக்கம் மெல்ல வடிந்தது. பிறகு மகளும் பிறந்தாள்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் மேசையில் கொட்டிக் காட்டுகிறேன். உடம்பில் எது மாறினாலும் முதலில் சரோஜாவிடம் சொல்கிறேன்.