ஆறிப்போன இட்லி

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது செல்வத்தின் போன் வந்தது. மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் அவன். "நம்ம நயினார் அண்ணன் பூட்டாருடா" என்றான். ஆட்டோவிலிருந்து இறங்கி, சாவுக்குப் போகத் திண்டிவனம் பஸ்ஸைத் தேடிப் போனேன்.

அண்ணனின் பெயர் நேமிநாதன்; நயினார் என்பது அவர்கள் சமூகத்துப் பட்டம். திண்டிவனம் பக்கத்துக் கிராமம், தமிழ்ச் சமணர். சமணர் என்றதும் வடநாட்டுச் சேட்டு என்று நினைப்பவர்களிடம் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "செஞ்சி மலை எப்ப வந்துச்சோ அப்ப வந்தவங்க நாங்க. மல்லாட்டை போட்ற குடியானவங்கப்பா" என்பார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைதான் மல்லாட்டை.

மஸ்கட்டில் அண்ணனும் எங்கள் அறைதான். அங்கே தீபாவளிக்கு விடுமுறை கிடையாது. கிடங்கு வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகுதான் எங்களுக்குப் பண்டிகை. அடுப்பில் கறி கொதிக்கும். அண்ணன் எல்லாருக்கும் வடை சுட்டுப் பரிமாறுவார். தான் மட்டும் சாப்பிட மாட்டார். திரும்பும் வண்டியிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே, டிபன் பாக்ஸைத் திறந்து முடித்திருப்பார்.

செல்வத்துக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தீபாவளியன்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். எங்கள் கறி அவருக்கு அருவருப்பு என்று நினைத்துவிட்டான். அண்ணன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கறிக்காக இல்ல செல்வம். பொழுது சாஞ்சிட்டா நாங்க வாயில எதுவும் வெக்க மாட்டோம். நீ சாப்புடு, நான் பாத்துக்கினு இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து அண்ணி பேசினார். "எல்லாரோடயும் உக்காந்துதான் சாப்ட்டேன்" என்று அண்ணன் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அதன் பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறு வருடம் பண்டிகையை விடியற்காலைக்கு மாற்றினோம். ஊரில் எப்போதும் அப்படித்தானே கொண்டாடினோம்? கறியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதே செல்வம்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் மல்லாட்டைச் சட்னியுமாக மொட்டை மாடிக்குப் போனோம். ஆனால் சூரியன் வராமல் அண்ணன் தொட மாட்டார். அதனால் நாங்களும் தொடவில்லை. புதுச் சட்டையோடு, கையில் தட்டோடு, எதிரே இருந்த மொட்டை மலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. சூரியனுக்கு என்ன அவசரம், நிதானமாகத்தான் வந்தது.

எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணன் முதல் வாய் சாப்பிட்டதும் அண்ணிக்கு வீடியோ கால் போட்டார். போனை எங்கள் பக்கம் திருப்பி, "பாரு, எல்லாரோடயும் உக்காந்து சாப்புட்றேன்" என்றார்.

தகனம் முடிந்து விடைபெறப் போனபோது அண்ணி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மத்த வருசமெல்லாம் எனக்காகப் பொய் சொன்னாருன்னு தெரியும் தம்பி. அந்த வருசம் நீங்கல்லாம் அவருக்குத் தொணையா இருந்தீங்க" என்றார்.

மஸ்கட் நண்பர்களே, அண்ணனிடமிருந்து எனக்கு மிச்சமானது இதுதான். தீபாவளியன்று என் வீட்டில் எல்லாரும் இருட்டிலேயே குளித்துச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். இட்லி ஆறுகிறது என்று மனைவி கீழேயிருந்து கூப்பிடுவாள். ஆறட்டும் என்பேன்.