எட்டாத படி

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்த மருத்துவமனையில், எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு விரற்கடை ஏற இறங்க நின்றால் அத்தானுக்கு அன்று சோறு இறங்காது. இறங்குகிறவர்களின் கால் தடுக்குமே என்று அடித்துக்கொள்வார். தெருவில் நடக்கும்போதுகூட நடைபாதையின் விளிம்பைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற மனிதர்.

வேலை பார்த்த கம்பெனியை மூடியதும் அக்காவோடு எங்கள் அம்மாவின் தோட்டத்துக்கே வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை. "விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்வாங்க, உங்களுக்கு மட்டும் கணக்கே இல்ல போல" என்று நான் சீண்டுவேன். கொழுந்தியாள் வாயை யாரால் அடைக்க முடியும், அவரும் சிரிப்பார். ஆனால் சாப்பிட்டு எழுந்ததும் தட்டைத் தானே கழுவப் போவார். அம்மா பதறிப்போய்ப் பிடுங்கிக்கொள்வாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற வெட்கம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

தோட்டத்துக் கட்டடங்கள் எல்லாமே கல். முற்றத்தின் ஒரு பக்கம் மாட்டுக்கொட்டில். சுவரின் தடிமனில் ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம். எதிரே வைக்கோல் கட்டடம். அதற்குச் சன்னல் கிடையாது, சுவர் நெடுகக் கை நுழைகிற அளவுக்குச் செங்குத்தான கீறல்கள் மட்டும். காற்றுப் போகாவிட்டால் ஈர வைக்கோல் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் பற்றிக்கொள்ளும். நடுவில், எதனோடும் ஒட்டாமல் நிற்பது களஞ்சியம். அது கல் கால்களின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு காலின் தலையிலும் குடை விரித்தாற்போல ஒரு வட்டக் கல். காலைப் பிடித்து ஏறி வரும் எலி அந்தக் குடையின் அடிப்பக்கம் வந்ததும், மேலே போக வழியில்லாமல் வந்த வழியே திரும்பிவிடும்.

களஞ்சியத்தின் படிக்கட்டு கதவுவரை எட்டாமல் நிற்பதும் எலிக்காகத்தான். கடைசிப் படிக்கும் வாசலுக்கும் நடுவே நல்ல அகலமாக இடைவெளி. உள்ளே போகும்போது ஒரு பலகையைக் குறுக்கே போட வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக் கொட்டில் சுவரில் மாட்ட வேண்டும். சிறு வயதில் பலகையை மறந்துவிட்டு வந்து நானும் அக்காவும் அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அத்தானுக்கு மட்டும் இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துப் பலகையை எடு என்று எந்த மாமியார் சொல்வாள்? களஞ்சிய வேலையை அம்மா தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வீட்டிலும் ஆட்டுப்பண்ணைக்காரம்மா வீட்டிலும் மழைக்குக் கூரை ஒழுகிவிட்டது. அவர்கள் தங்கள் விதைக் கோதுமையையும் எங்கள் களஞ்சியத்தில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த விதைப்புக்கு மூன்று வீட்டின் நம்பிக்கையும் அந்த ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தது.

அறுப்பு முடிந்த கையோடு அம்மா பலகையில் கால் பிசகி விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. வைத்தியத்துக்காக நகரத்தில் என் வீட்டில் வந்து தங்கினாள், துணைக்கு அக்காவும் வந்தாள். மாடுகளைப் பார்த்துக்கொள்ள அத்தான் மட்டும் தோட்டத்தில் இருந்தார். இவ்வளவு காலமாக ஒருவருக்கும் இதைச் சரிசெய்யத் தோன்றவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கிறது. பாளம் பாளமாகக் கல் தேடி எடுத்து, சாந்து குழைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கடைசிப் படியிலிருந்து வாசல்வரை இழைத்துக் கட்டிவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்த அன்று பெரியவரையும் ஆட்டுப்பண்ணைக்காரம்மாவையும் வரவழைத்து நிற்க வைத்திருந்தார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு களை.

"கட்டினவருக்குக் கல்லு பத்தாம போயிருக்கும் போல. இப்ப பாருங்க அத்தை, கண்ணை மூடிக்கிட்டே போகலாம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகு வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு படியேறி, அந்தப் புதுக் கல்லின்மேல் நடந்து வாசலைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை. இனிமே எனக்கு பயமே இல்ல."

பெரியவர் தன் செருப்பைப் பார்த்தார். ஆட்டுப்பண்ணைக்காரம்மா ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

"நாலு பேருக்கு முன்னாடியா சொல்றது? பக்குவமா நானே சொல்லிக்கிறேன், நீ போ" என்று அம்மா என்னைப் பேருந்து ஏற்றிவிட்டாள். அந்தப் பக்குவம் வரவே இல்லை. ஒரு நாள் அத்தானுக்குத் தலைவலி, ஒரு நாள் கேட்டிருந்த வேலை கிடைக்கவில்லை என்று முகம் வாடியிருந்தது.

விதைப்புக்கு உதவியாக நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். பெரியவரும் ஆட்டுப்பண்ணைக்காரம்மாவும் மூட்டைகளை எடுக்க வந்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் வந்தது. மூட்டையெல்லாம் அடியில் ஓட்டை, தரையெல்லாம் உமியும் புழுக்கையும். ஒரு மூட்டையைத் தூக்கினால் வெறும் சாக்கு கையோடு வந்தது. அத்தான் அதைப் பிடித்தபடியே நின்றார். அப்புறம் அவர் கண் மெல்லக் கீழே இறங்கி, தான் கட்டிய கல்லில் போய் நின்றது.

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "என் தப்புதான். முட்டி வலி தாங்காம நான்தான் மாப்பிள்ளையைக் கட்டச் சொன்னேன்."

"உங்க வயசுக்கு இது தெரிய வேணாமா?" என்றாள் ஆட்டுப்பண்ணைக்காரம்மா. அம்மாவைப் பார்த்து அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அம்மா தலைகுனிந்து நின்றாள். அவர்கள் போகும்வரை அத்தான் அந்த வெறும் சாக்கை மடித்துக்கொண்டே நின்றார்.

அன்று அக்கா அவரைச் சும்மா விடவில்லை. "தினமும் காலையில படியில கிடந்த முள்ளைக் கூட்டித் தள்ளினீங்களே, அது காத்துல வந்து விழுந்ததுன்னா நினைச்சீங்க? எலி ஏறக் கூடாதுன்னு அம்மா சாயங்காலமானா வெட்டிட்டு வந்து போட்ட முள்ளுங்க அது. அந்தக் காலோட."

அத்தான் கொட்டிலுக்குப் பின்னால் போனார். அவர் கூட்டித் தள்ளிய முள் அங்கே ஒரு குவியலாகக் காய்ந்து கிடந்தது. கூனிக் குறுகி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சம்மட்டியால் அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்தார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனார். ஆட்டுப்பண்ணைக்காரம்மாவும் அங்கே இருந்தாள், வேறு எங்கே விதை கைமாற்று வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை கட்டச் சொல்லல. எனக்கா தோணுச்சு, கட்டினேன். நேத்தே சொல்லியிருக்கணும், நாக்கு எழும்பல" என்றார் அத்தான்.

பெரியவர் சங்கடத்தோடு சிரித்தார். "அது எங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே கூப்பிட்டுக் காட்டினீங்க. எலி ஏறும்னு அன்னைக்கே தெரியும். உங்க அத்தையே ஒண்ணும் சொல்லல, அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு நாங்க எப்படிங்க சொல்றது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதற்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் தங்கள் விதையை எலிக்குக் கொடுத்து அவர் மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

வரும் வழியில் சொன்னார், "நான் இங்க வீட்டு ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்மா. எல்லாரும் என்னை விருந்தாளியாத்தான் வச்சிருக்காங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அம்மாவிடம் போனார். "தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லல?"

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் மாப்பிள்ளை."

"நோகட்டும் அத்தை. இதைவிடவா நோகப் போகுது?"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கைமாற்று விதை வந்து சேர்ந்தது. மூட்டைகளை அத்தான்தான் பலகை போட்டு உள்ளே அடுக்கினார். கடைசி மூட்டையை வைத்துவிட்டு, களைப்பில் கதவை மட்டும் சாத்திக்கொண்டு இறங்கி வந்தார். பெரியவரும் ஆட்டுப்பண்ணைக்காரம்மாவும் முற்றத்தில்தான் நின்றிருந்தார்கள்.

சமையலறை சன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. சின்ன வயதில் எங்களை நடுங்க வைத்த அதே குரல். "பலகையை யாரு எடுப்பாங்க? பட்டும் புத்தி வரலயா? மறுபடியும் எலிக்கு விருந்து வைக்கப் போறீங்களா?"

முற்றமே அப்படியே நின்றுவிட்டது. அத்தானுக்குக் காது மடல்வரை சிவந்துபோனது. ஓடிப்போய்ப் பலகையை எடுத்துக் கொட்டில் சுவரில் மாட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் தட்டைக் கழுவ எழுந்தார். அம்மா அதைப் பிடுங்கவில்லை. தன் தட்டையும் அவரிடம் நீட்டினாள்.