ஆறு மணிக்குத் தாஸ்காவைத் திறக்க வைத்தவன்

மாக் மண்டினில் கிரில் பட்டறை என்னுடையது. செபராங் ஜெயாவில் மாடி வீடு என்னுடையது. பிள்ளைகள் வாங்கின பட்டமெல்லாம் இந்தக் கை வெல்டிங் அடித்து வந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பேங்குக்காரன் விரட்டினான், சொந்தக்காரன் சிரித்தான். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் பக்கத்துத் தாஸ்கா, அதாவது பிள்ளைக் காப்பகம், இப்போது விடியற்காலை ஆறு மணிக்குத் திறக்கிறதே, அதுவும் என் வேலைதான்.

வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிள்ளை பார்க்கும் உதவிப் பணத்தை அரசாங்கம் கூட்டியது. நல்லதுதான். ஆனால் அந்தத் தாஸ்கா ஏழரைக்குத்தான் திறக்கும். தொழிற்சாலை ஷிப்டோ ஏழு மணிக்கு. பக்கத்து வீட்டுப் பெண், புருஷன் சிங்கப்பூரில், கைக்குழந்தையோடு பூட்டின கேட் முன்னால் தினமும் நின்றாள். இன்னொரு தடவை லேட்டானால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

"நானே வேலைய விட்டு நின்னுடுறேன் பெரியப்பா."

"நீ ஏன் நிக்கணும்? பிள்ளைய எங்க வீட்டுல விடு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

தாஸ்காக்களைக் கவனிக்கிற ஜார்ஜ் டவுன் அரசாங்க ஆபீசுக்குப் போனேன். அதிகாரி நம்ம தமிழ்ப் பையன்தான், டை கட்டியிருந்தான்.

"உதவியத்தான் கூட்டியாச்சே அங்கிள், இன்னும் என்ன?"

"கதவு பூட்டிக் கெடந்தா, அந்த உதவிய வச்சு நாக்கு வழிக்கிறதா?"

"ரூல் அப்படி. இது எஸ்டேட் இல்லலா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எஸ்டேட்டு ஆயாக்கொட்டகையில் கிடந்து வளர்ந்தவன் நான். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற கொட்டகை. மூத்திர நாற்றம் குடலைப் புரட்டும். ஆனாலும் விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் திறந்துவிடுவார்கள்.

"எஸ்டேட்டுல ஆள் வேலைக்கு வரணும்னா ஆயாக்கொட்டகைய மொதல்ல தொறக்கணும்னு அந்த வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சது தம்பி. ஏர்கோன்ல உக்காந்திருக்கிற ஒனக்குத் தெரியல!"

மறுவாரம் ஷிப்டு முடிந்ததும் தாய்மார்களைப் பிள்ளைகளோடு வேனில் ஏற்றி அவன் அறையில் இறக்கினேன். தமிழ், மலாய், சீனம் என்று மூன்று பாஷையிலும் அழுகை. ஒரு குழந்தை மேசையிலேயே கக்கியது.

"அங்கிள், இவங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க!"

"ஏழரைக்குத்தான் தம்பி. ரூல் அப்படி."

அதற்குப் பிறகுதான் நேரம் மாறியது. பக்கத்து வீட்டுப் பெண் இன்றும் வேலையில் இருக்கிறாள்.

போன மாதம் இதற்காக ஒரு மண்டபத்தில் விழா வைத்தார்கள். "தாய்மார்கள் சிரமத்தை நாங்களே கவனித்து நேரத்தை மாற்றினோம்" என்று அதே பையன் மைக்கில் பேசினான். கைதட்டல் வேறு. நாங்களேயாம்! கடைசி வரிசையில் எனக்கு ஒரு தண்ணீர் போத்தல் கொடுத்தார்கள்.

மாலையும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். அதே மண்டபத்தில், அந்தத் தாய்மார்கள் எதிரில், இந்தக் கிழவன் வந்து சண்டை போட்டதால்தான் திறந்தோம் என்று அவன் தன் வாயால் சொல்லட்டும்.