ரெஜினா எவ்வளவு நேரம் உட்காருகிறாள்?

போன செவ்வாய்க்கிழமை என் தங்கச்சி ரெஜினா போன் பண்ணினாள். எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, தொடையில ஒரு மிஷின் ஒட்டிக்கச் சொல்றாங்க. ஒட்டிக்கிறதா, வேணாமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். என்ன மிஷின் என்று அதற்கு அப்புறம்தான் கேட்டேன்.

என் சுபாவம் அப்படி... உங்களுக்குத் தெரியாததா? பதுளை டவுனில் ஓர் அச்சகத்தில் இருபத்தைந்து வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவன் நான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே சந்தேகப்பட்டுச் சோறு தின்கிறவன். பஸ் நேரத்துக்கு வந்தால்கூட, ஏன் வந்தது என்று யோசிப்பேன்.

ரெஜினா இருப்பது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். நாங்கள் இருவரும் பிறந்த அதே லயம், அதே வரிசை வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொழுந்துச் சாக்கோடு வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. டாக்டர் துண்டுச் சீட்டு கொடுத்ததால் மலைக்கு அனுப்பாமல் பிள்ளைக் காம்பராவில் போட்டிருக்கிறார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை உட்கார்ந்த இடத்தில் பார்த்துக்கொள்ளும் இலேசு வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்து ஆபீஸ் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் மறுபடி மலைதான்.

இப்போது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்திருக்கிறாராம். பெரியவர்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி! தீப்பெட்டி அளவு மிஷின். ஏழு நாள் தொடையிலேயே இருக்க வேண்டும்.

உட்காருவதை எதற்கு அளக்கிறார்கள்? அதில் யாருக்கு லாபம்? தோட்டத்தில் எங்களை அளந்தவர்கள் யாராவது எங்களுக்காக அளந்திருக்கிறார்களா?

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

விரிவுரையாளர் பெயர் தர்ஷினி. முப்பது வயதிருக்கும். காம்பரா விறாந்தையில், பகல் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெண்களிடம் ஒரு கேள்விப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்று கேட்கிறார். உட்காருவதே இல்லை என்கிறார்கள், ஒருத்தி விடாமல். ஒருத்தி அதைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே சொன்னாள்.

தர்ஷினி திகைத்துப்போனார். நான் திகைக்கவில்லை. மலையில் "என்ன, உக்காந்தாச்சா?" என்று கங்காணி கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. இல்லாவிட்டால் அரைப் பேர் போட்டுவிடுவார்கள், பாதி நாள் கூலிதான். தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகிய பதில், பாரத்தில் கேட்டால் மட்டும் மாறுமா?

நான் என் விசாரணையை ஆரம்பித்தேன். உட்காருவது என்றால் உங்கள் கணக்கில் என்ன?

பாவம், பொறுமையாகவே சொன்னார். விழித்திருக்க வேண்டும். உட்கார்ந்தோ, சாய்ந்தோ, படுத்தோ இருக்க வேண்டும். உடம்பு அதிகம் உழைக்காமலும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. தூக்கம் சேராது. சும்மா நிற்பதும் சேராது. சைக்கிள் மிதிப்பவர் உட்கார்ந்துதான் இருக்கிறார்... ஆனால் சேராது. உடற்பயிற்சி தனிக் கணக்கு. காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு மிச்ச நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவர், இரண்டு கணக்கிலும் வருவாராம்.

காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறவன் நான். இதை இவருக்கு யார் சொன்னது? ரெஜினாவைப் பார்த்தேன். அவள் தொட்டிலைப் பார்த்தாள்.

சரி, பெயர் போடுவீர்களா என்றேன். பெயரே கிடையாது, நம்பர்தான் என்றார். தோட்டத்து ஆபீஸுக்கு ஏதாவது போகுமா? அனுமதி கொடுத்ததற்காக வேலை வாரியாக ஒரு சுருக்கம் மட்டும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.

பிடித்தேன் பாருங்கள்!

"மிஸ், இந்தக் காம்பராவுல முழங்கால் போன உதவியாள் எத்தனை பேர் இருக்காங்க?"

அவர் சுற்றிப் பார்த்தார். ஒருத்திதான். பிறகு எதற்குப் பெயர்? நிறைய உட்காருகிறாள் என்று வந்தால், இவளுக்கு எதற்குக் கூலி என்பார்கள். நிற்கிறாள், நடக்கிறாள் என்று வந்தால், நடக்கிறவள் மலைக்கே போகட்டும் என்பார்கள். எப்படி வந்தாலும் உருளுவது என் தங்கச்சியின் தலை.

தர்ஷினிக்கு முகம் மாறிவிட்டது. இதை யோசிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். உடனே ஒத்துக்கொண்டதால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது — அது வேறு விஷயம். வேலை வாரியாகப் பிரிக்காமல் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்தே கொடுப்பேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். இரண்டு தடவை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

ஆனாலும் வேண்டாம் என்று ரெஜினாவிடம் சொன்னேன்.

"நான் ஒட்டிக்கிறேன் அண்ணே," என்றாள். "நான் உக்காந்து சம்பளம் வாங்கலன்னு ஒரு மிஷினாவது சொல்லட்டும்."

அப்போதுதான் கவனித்தேன். நான் வந்து ஒன்றரை மணி நேரமாகிறது. அவள் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. வலிக்கிற காலை லேசாகத் தூக்கி, சுவரோடு சாய்ந்து நின்றபடியே தொட்டில் ஆட்டுகிறாள். ஆபீஸ் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் குழந்தைத் துணிகள் குவிந்து கிடக்கின்றன. உட்காரச் சொல்லிக் கொடுத்த வேலையில் இரண்டு வருஷமாக நின்றிருக்கிறாள்! முழங்கால் எப்படி ஆறும்?

மிஷினுக்கு இதெல்லாம் தெரியுமா? உட்காராதவள், நல்ல பழக்கம் என்றுதான் எழுதும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாய் என்று உன்னைச் சொன்னது யார் என்று சத்தம் போட்டேன். கங்காணியா? பக்கத்து லயத்துக்காரிகளா? ஆபீஸில் யாராவதா? ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள்.

கடைசியில், தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"இந்த வேலை கெடச்ச வருஷம் நத்தாருக்கு... நீங்கதானே அண்ணே எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க. ரெஜினாவுக்கு என்ன, உக்காந்த எடத்துல சம்பளம்னு."

சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. கிறிஸ்மஸ் விருந்தில் கோழிக் கறியைப் பிசைந்தபடி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. துணிகளை அள்ளிப் பாயில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். உட்காரு என்றால் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கெஞ்சிய பிறகு, வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஊரில் ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்டவன் நான்... என் வாயை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.