வாய்க்காலில் இல்லாத உயிர்

கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஒரு சாண் நீளத்தில் அசையாமல் கிடக்கும் கரும்பழுப்பு உயிர். தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்கள். காலை இழந்தாலும் மறுபடி முளைத்துவிடும். அக்ஸலோட்டல் என்பது அதன் பெயர். ஜேர்மனியின் கொலோன் நகரில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் இவற்றை வளர்க்கிறோம். பெரும்பாலானவை வெள்ளை நிறம். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து தொட்டியிலேயே சாகிறவை.

என்னோடு இவற்றைப் பராமரித்தவர் மெக்சிக்கோவிலிருந்து வந்த பெண். என்னைவிட மூத்தவர் என்பதால் முதல் கிழமையே வாய் தவறி "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். பிறகு கூட வேலை செய்த ஜேர்மன்காரர், டொச்சுக்காரரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். பழைய ஏரியொன்றின் மிச்சமான வாய்க்கால்களுக்கு நடுவே அவருடைய ஊர். சேற்றை அள்ளி மேடாக்கி, அதில் சோளமும் பூவும் பயிரிடுவது அங்கே முன்னோர் காலத்து விவசாயம். அக்ஸலோட்டலின் பூர்வீகமும் அதே வாய்க்கால்கள்தான். நகரத்துக் கழிவு இறங்கிய பிறகு அங்கே அதைக் காண்பதே அரிதாகிவிட்டது.

சாவுக்குப் பயந்து ஓடிய தெய்வமொன்று சோளப் பயிராகவும் கற்றாழையாகவும் உருமாறி, கடைசியில் தண்ணீருக்குள் இந்த உருவத்தில் ஒளித்துக்கொண்டதாம். அக்கா சொன்ன கதை இது. கடலுக்குள் மாமரமாய் நின்ற சூரன் எனக்கு நினைவுக்கு வந்தான். தெய்வம் தப்பியதா என்று கேட்டேன். இல்லை, பிடிபட்டது என்றார்.

ஒரு கோடையில் அக்காவின் தகப்பனார் மகளைப் பார்க்க வந்தார். வாழ்நாளெல்லாம் அந்த மேட்டில் பயிர் செய்தவர். ஞாயிற்றுக்கிழமை அவரை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிவருவதாக அக்கா சொன்னதும், ஹம் நகரில் இருக்கும் என் அம்மா சோறும் கறியும் கட்டினார்.

"அந்த ஐயாவுக்கு உறைப்பு ஏலுமோ?"

"மிளகாயே அவையின்ர பக்கத்தில இருந்துதான் அம்மா வந்தது."

அம்மா நம்பவில்லை.

வெள்ளை அக்ஸலோட்டல்களைப் பெரியவர் நிற்காமல் கடந்து போனார். அவருடைய வாய்க்காலில் அவர் கண்டவை வெள்ளையல்ல. மூலைத் தொட்டியில் கரும்பழுப்பைக் கண்டதும் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஏதோ சொன்னார். அது ஸ்பானிய மொழியல்ல. அவருடைய தாய் பேசிய நாவாட்டில் என்னும் பூர்வகுடி மொழி. அக்காவுக்கே அது விளங்காது. என்ன சொன்னீர்கள் என்று மகள் கேட்க, அவர் ஸ்பானியத்தில் சொன்ன பதிலை அக்கா எனக்கு டொச்சு மொழியில் சொன்னார். எனக்குள் அது தமிழாகத்தான் இறங்கியது: "நீ செத்துப்போனாய் எண்டு பேரப்பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்."

ஒரு சோடியை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று பெரியவர் கேட்டார். அதற்கு அனுமதியில்லை, தொட்டியில் பிறந்தவை அந்தத் தண்ணீரைத் தாங்கமாட்டா என்று அக்கா விளக்கினார்.

"தண்ணி நல்லாயிருந்தால்?"

"பாப்பம் அப்பா."

சாப்பிடும்போது, உறைக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையை அசைத்தார்.

ஊர் திரும்பி ஒரு வருடம் போல் இருந்தார். பிறகு காலமானார். அக்கா போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. செய்தி கேட்ட அம்மா, "சாகமுதல் ஒருக்காக் கண்ணால கண்டிட்டார், அது காணும்" என்றார். நானும் அப்படித்தான் ஆறுதல் கொண்டிருந்தேன், அக்கா திரும்பி வரும்வரை.

மேட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வாய்க்கால் இருந்ததாம். பெரியவர் அதன் இரண்டு வாயையும் கல்லாலும் நாணலாலும் அடைத்து, அழுக்கு வெளியே தங்கி, தண்ணீர் மட்டும் உள்ளே வரும்படி செய்திருக்கிறார். தனியாகவே சேறு அள்ளியிருக்கிறார். ஏன் இந்தப் பாடு என்று கேட்ட அயலவருக்கு, ஆட்கள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னாராம்.

"போன் எடுக்கேக்க எல்லாம் கேப்பார், அனுமதி கிடைச்சுதோ எண்டு. நான் பாப்பம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தன். மறந்திடுவார் எண்டுதான் நினைச்சனான்," என்றார் அக்கா. பிறகு தொட்டி கழுவப் போனார்.

அதன் பிறகு அக்கா இங்கே நெடுநாள் நிற்கவில்லை. வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். தொட்டிகளை இப்போது நான்தான் பார்க்கிறேன். போன கிழமை போனில் பேசியபோது, அந்தச் சின்ன வாய்க்காலில் தண்ணீர் எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"தெளிவாத்தான் இருக்கு," என்றார். "எட்டிப் பாத்தால் என்ர முகம்தான் தெரியுது."