கை ஆடட்டும், எனக்கு எஸ்தர் வேண்டும்

போன ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். ஓவர்டைம் முடிந்து, மலாக்காவில் தங்கா பத்துவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. என் மனைவி எஸ்தர் உள்ளே இல்லை. அவளுடைய கைப்பேசி மேசைமேல் இருந்தது. பர்ஸ் இருந்தது. வெளியே போட்டுப் போகும் செருப்புகூட வாசலிலேயே இருந்தது.

செருப்பைப் பார்த்ததும் பயந்துபோனேன். ஏன் அப்படிப் பயந்தேன் என்பதை, பிரியமானவர்களே, கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எஸ்தர் டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் கையும் காலும் தானாக ஆட ஆரம்பித்தன. நடந்தால் தள்ளாடுவார். அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனாலும் தோட்டத்தில் குடிகாரர் என்றுதான் சொன்னார்கள். என்ன நோய் என்று தெரியாமலேயே போய்விட்டார்.

எஸ்தருக்கு நாற்பத்து மூன்று வயதானபோது அதே ஆட்டம் அவள் கைக்கு வந்தது. வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. மலாக்கா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஹண்டிங்டன் என்று சொன்னார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடிய நரம்பு நோய். அடியோடு குணமாக்க மருந்து இல்லை. ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை உண்டு.

மாத்திரை எழுதும் முன் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். முன்பு எப்போதாவது மனச்சோர்வு வந்திருக்கிறதா என்று கேட்டார். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவோம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த மாத்திரை சில பேருக்கு மனச ரொம்ப சோர்வாக்கிடும். அவங்களுக்கே தெரியாம போகலாம். வீட்டுல இருக்கிற நீங்கதான் கவனிக்கணும். மாத்தம் தெரிஞ்சா அடுத்த அப்பாய்ண்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க."

நான் தலையாட்டினேன். ஆனால் என் கண் எஸ்தரின் கைமேல்தான் இருந்தது.

"ஆண்டவரே, இந்தக் கையை நிறுத்தும்." அதுதான் எங்கள் ஜெபம். உபவாசம் இருந்து கேட்டோம். மாத்திரையின் அளவு கூடியது. ஜூன் மாத வாக்கில் கை அடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் கையை நிறுத்தினார் என்று சாட்சி சொன்னேன். சபையே கைதட்டியது. எஸ்தர் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அளவு இன்னும் கொஞ்சம் கூடியது. கை அடங்கியும் அவள் தையல் மெஷினைத் தொடவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சாப்பாடு தட்டிலேயே காய்ந்தது. வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபம் பண்ணு எஸ்தர், சரியாயிடும்" என்றேன்.

"பண்றேங்க. யாரும் கேக்கிற மாதிரி தெரியல" என்றாள்.

ஒருநாள், எங்கள் மகள் பிரிசில்லா காலேஜுக்குக் கிளம்பிப் போன பிறகு, "இது அவளுக்கும் வருமாங்க?" என்று கேட்டாள். அந்தப் பேச்சே வேண்டாம் என்று நான் எழுந்து போய்விட்டேன். கிளினிக்கில் டாக்டர் விசாரித்தபோது அவள் "ஓகே டாக்டர்" என்றாள். "கை நல்லா நின்னுடுச்சு டாக்டர்" என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்தார். "உங்க வீட்டுக்காரவங்க கடல் பக்கமா நடந்து போனாங்க தம்பி. கூப்பிட்டேன், திரும்பிக்கூட பாக்கல லா."

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மழை இறங்கியது. ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் ஓடியது, சாலை தெரியவில்லை. கரையோரம் ஒரு மனுஷர்கூட இல்லை. எஸ்தர், எஸ்தர் என்று கத்தினேன். கடல் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீருக்குள் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

சேற்று மணலில் அப்படியே முழங்கால் போட்டேன். எனக்கு ஜெபமே வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, கை ஆடட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். எனக்கு எஸ்தர் வேண்டும்."

எழுந்தபோது சாலைக்கு அந்தப் பக்கம் ரொட்டி சானாய் போடும் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒருவர் குடையை ஆட்டி ஆட்டி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓடினேன்.

உள்ளே எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். தோளில் யாருடைய ஜாக்கெட்டோ போர்த்தியிருந்தது. முன்னால் ஆறிப்போன தேத்தண்ணீர். வெறுங்கால் முழுக்க மணல்.

குடையோடு நின்றவர்தான் கடை முதலாளி, ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். அதுவரை நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"திட்டிடாதீங்க தம்பி. மழையில தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு மனசு கேக்கல. உள்ள வாங்கம்மான்னு கூட்டிட்டு வந்துட்டேன். பேரு கேட்டா சொல்லல, போன் நம்பர் கேட்டா சொல்லல. விட்டா போயிடுவாங்கன்னு நானா எதையோ பேசிக்கிட்டே இருந்தேன் லா."

நான் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் அவள் பேசினாள்.

"கை நின்னுச்சு. உள்ள எல்லாமே நின்னுடுச்சுங்க. நீங்க சபையில சாட்சி சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்படிச் சொல்வேன்? சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க, மறுபடியும் ஆடும், எல்லாருக்கும் ஏமாத்தமா போயிடும். நான் இல்லன்னா எல்லாருக்கும் நல்லதுன்னு தோணுச்சு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த மாத்திரையைக் கடலில் வீசிவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் டாக்டர் சொன்னது அப்போதுதான் தலையில் ஏறியது. அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸ் பதறாமல் பேசினார். "நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, மாத்தாதீங்க. தனியா விடாதீங்க. சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இப்பவே எமர்ஜென்சிக்கு வாங்க."

பெரியவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு, தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு, வழியில் மருந்துகளை எடுக்க எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே ஒரு டாக்டர் எஸ்தரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சாகணும்னு நினைப்பு வருதா?" அவள் ஆமாம் என்றாள். அந்தக் கேள்வி கேட்கப்பட்டதும்தான் அவள் அழுதாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வந்த அழுகை.

வார்டில் வைத்துக்கொண்டார்கள். நோயே மனதைச் சோர்வாக்கும், இந்த மாத்திரை அதைக் கூட்டியிருக்கலாம் என்று விளக்கினார்கள். அவர்கள் கண்காணிப்பிலேயே அளவு குறைந்தது. மனச்சோர்வுக்கும் சிகிச்சை தொடங்கியது. அதற்கான மருந்தைக்கூடக் கண்டபடி கொடுக்கவில்லை. சில மருந்துகள் இந்த மாத்திரையோடு சேராதாம். பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். இருமலுக்கு வேறு கிளினிக் போனாலும் மாத்திரைகளையெல்லாம் காட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

வெளிச்சம் ஒரே நாளில் வரவில்லை. மெல்ல மெல்ல வந்தது. ஒரு காலை என்னைப் பார்த்து, "சட்டைய திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று சிரித்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கை மறுபடியும் ஆடுகிறது, முன்பைவிடக் குறைவாக. ரவிக்கை தைப்பதை விட்டுவிட்டாள். ஆடுகிற அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் ஜெபிக்கிறோம். முதலில் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பேன். மகளிடமும் எல்லாவற்றையும் பேசிவிட்டோம். பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்று அவளே தீர்மானிப்பாள். அந்தக் கடைக்குப் போனால் பெரியவர் எஸ்தரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மாத்திரை சாப்பிடுகிறார்களா? நன்றி செலுத்துங்கள். அதோடு அவர்கள் முகத்தையும் பாருங்கள். ஏதோ சரியில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. கடற்கரையில் நான் கேட்டபோது ஆண்டவர் குடையோடு ஒரு மனிதரை நிறுத்தினார், போனில் ஒரு நர்ஸை வைத்தார். உங்களுக்கும் யாரையாவது வைத்திருப்பார். நம்பிக் கூப்பிடுங்கள்.

எழுதி முடித்ததை எஸ்தரிடம் படித்துக் காட்டினேன். கடைசியில் "எஸ்தர் சுகமாகிவிட்டாள்" என்று எழுதியிருந்தேன். அதை அடிக்கச் சொன்னாள்.

"சுகமாயிட்டேன்னு எழுதாதீங்க. இருக்கேன்னு எழுதுங்க."

எஸ்தர் இருக்கிறாள். கர்த்தருக்கு நன்றி.